பல்லி பெருமை கொள்கிறது

“இதுல பிழை இருந்தா பாத்துச் சொல்லுங்க” என்று மனைவி நீட்டிய தாளை, பிழைதிருத்தி வழக்கம்போலப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வாங்கினார். ஏதோ பள்ளிக்கூட வேலை என்று நினைத்தார். மூன்றாவது வரிக்கு வந்தபோதுதான் அது ராஜினாமாக் கடிதம் என்று தெரிந்தது.

அச்சகத்தில் பதினேழு வருடமாக அடுத்தவர் எழுத்தில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவர் அவர். அங்கே அவருக்குப் பெயரே ‘பிழை சார்’தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கடிதத்தை இரண்டு முறை படித்தார். ஒரு ஒற்றுகூட விட்டுப்போகவில்லை. அதுவே அவருக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. இவ்வளவு சுத்தமாக எழுதுகிறவள் எதற்கு வேலையை விட வேண்டும்?

“காரணம் எழுதலையே நீ.”

“காரணம் எழுத ஆரம்பிச்சா நாப்பது பக்க நோட்டு பத்தாது. பிழை இருக்கா, இல்லையா?”

“இல்ல.”

“அப்ப குடுங்க. முப்பதாம் தேதி எச்.எம். மேஜையில வெச்சிட்டு வந்துடறேன்.”

விஷயம் இதுதான். முந்தின நாள் பள்ளி ஆண்டு விழா. தலைமையாசிரியர் நாற்பது நிமிடம் நன்றி சொன்னார். மைக் செட்காரருக்குச் சொன்னார். நாற்காலி கொண்டுவந்து போட்டவருக்குச் சொன்னார். திரை பாதியில் சிக்கிக்கொண்டபோது ஏணி கொடுத்த பக்கத்துக் கட்டடத்துக்காரருக்குச் சொன்னார். யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற கவலையில், கடைசியாக, மழை பெய்யாமல் ஒத்துழைத்த வானத்துக்கும் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மூன்றாம் வகுப்பு ஆசிரியையின் பெயர் அந்த நாற்பது நிமிடத்தில் எங்கேயும் வரவில்லை.

அவள் வகுப்பில் முப்பத்தொரு குழந்தைகள். வருட ஆரம்பத்தில் அதில் பதினான்கு பேருக்கு எழுத்தே தெரியாது. தினமும் கடைசி மணி அடித்தபிறகு முக்கால் மணி நேரம் அவர்களை உட்கார வைத்து, பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுத்து எழுதி, வெட்டி, சேர்த்து, கலைத்து, மறுபடி சேர்த்து, பதினான்கு பேரையும் வாசிக்க வைத்துவிட்டாள். ஆறு மாதம் வாயே திறக்காத ஒரு பெண் குழந்தை, இப்போது தெருவில் ஒவ்வொரு கடைப் பலகை முன்னாலும் நின்று முழுக்க வாசித்து முடித்தால்தான் அடுத்த அடி எடுத்து வைக்கிறதாம். ‘கடைக்குப் போய்வர ஒரு மணி நேரம் ஆகுது டீச்சர்’ என்று அதன் அம்மா பள்ளிக்கு வந்து முறையிட்டுவிட்டுப் போனாள். பதினைந்து வருட உத்தியோகத்தில் ஆசிரியைக்குக் கிடைத்த விருது அது ஒன்றுதான்.

இவ்வளவையும்கூட அவள் விழுங்கியிருப்பாள். விழுங்கிப் பழகியவள்தான். ஆனால் விழா முடிந்து திரும்பி வரும் வழியில் பத்து வயது மகள் கேட்டாள்:

“வானத்துக்குக்கூட நன்றி சொன்னாரேம்மா. உன் பேர் மட்டும் ஏன் வரல? நீ நல்ல டீச்சர் இல்லையா?”

வீடு வரும்வரை ஆசிரியை பதில் சொல்லவில்லை. அந்தப் பதில்தான் இப்போது பிழையில்லாமல் மேஜைமேல் கிடந்தது.

பிழைதிருத்திக்கு வயிறு எரிந்தது. அந்தத் தலைமையாசிரியரை அவர் நேரில் பார்த்துப் பேசியதில்லை. ஆனால் அவருடைய எழுத்தை நன்றாகத் தெரியும். பள்ளியின் சுற்றறிக்கைகள், நோட்டீசுகள் எல்லாம் இவர் அச்சகத்துக்குத்தான் வரும். ல, ள, ழ மூன்றும் தலைமையாசிரியர் கையில் ஒரே எழுத்து. ‘நமது பல்லிக்கு நாளை விடுமுறை’ என்றுதான் எழுதி அனுப்புவார். ஒன்பது வருடமாக அந்தப் பல்லிகளை எல்லாம் பிடித்துப் பள்ளியாக மாற்றிக்கொண்டிருப்பவர் நம் பிழைதிருத்திதான். அதற்கும் நன்றி வந்ததில்லை.

‘ஒரு வார்த்தை சொல்ல இந்த மனுஷனுக்கு என்ன கேடு?’ என்று திங்கட்கிழமை காலை முழுவதும் பொருமினார். பொருமிக்கொண்டே பள்ளிக்காக அச்சடித்து வைத்திருந்த கடிதத்தாள் கட்டைப் பார்த்தார். மேலே பள்ளியின் பெயர், கீழே முகவரி, நடுவில் எல்லாம் காலி. இவ்வளவு இடம் காலியாக இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது.

கணினியில் உட்கார்ந்து அடித்தார்.

‘மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு, ஆண்டுத் தொடக்கத்தில் எழுத்து அறியாமல் வந்த பதினான்கு குழந்தைகளை ஆண்டு முடிவதற்குள் வாசிக்க வைத்திருக்கிறீர்கள். பள்ளி மணி அடித்த பின்னும் நீங்கள் வகுப்பறையில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இதை மேடையில் சொல்லத் தவறியது என் குற்றம். உங்களைப் போன்ற ஆசிரியை கிடைத்தது இப்பள்ளியின் பேறு.’

தலைமையாசிரியரின் கையெழுத்து, நூல்கண்டை எலி இழுத்துப் போட்டதுபோல் இருக்கும். நாலைந்து தாளில் எழுதிப் பழகினார். ஆறாவது தடவை அச்சு அசலாக வந்துவிட்டது. உறையில் போட்டு வீட்டு முகவரிக்குத் தபாலில் சேர்த்தார்.

மறுநாள் மாலை கடிதம் வந்தது. ஆசிரியை நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். மகள் வாசித்து முடித்து, “இன்னொரு தடவை வாசிக்கட்டாம்மா?” என்று தானே கேட்டு, தானே வாசித்தாள்.

“நான் இருந்ததைப் பாத்திருக்கார்” என்றாள் ஆசிரியை. “மணி அடிச்சதுக்கப்புறம் நான் இருந்ததை அவர் பாத்திருக்காருங்க.”

பிழைதிருத்திக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த நிமிடமே கோபம் இன்னும் ஏறியது. நாலு வரி. அந்த ஆள் எழுதியிருந்தால் ஐந்து நிமிட வேலை. அதற்கா இவள் பதினைந்து வருடம் காத்துக்கிடந்தாள்?

புருஷன்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. வர நியாயமும் இல்லை. பன்னிரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் கைப்பட அவளுக்குக் கிடைத்த எழுத்தெல்லாம் மளிகைப் பட்டியலில் சிவப்பு மையால் போட்ட திருத்தங்கள்தான்.

மறுநாள் மாலை ஆசிரியை வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் கதவு இரண்டு முறை அடித்துக்கொண்டது.

“யாரோ என்னைக் கேலி பண்ணியிருக்காங்க.”

“என்னது?”

“ஸ்டாஃப் ரூம்ல எல்லார்கிட்டயும் காட்டினேன். தமிழய்யா வாங்கிப் பாத்தார். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுப் பாத்தார். ‘டீச்சர், இது எச்.எம். எழுதினது இல்ல’ன்னுட்டார்.”

“எப்படிச் சொல்றாராம்?”

“பிழையே இல்லையாம். ‘எச்.எம்.மை இருபது வருஷமாத் தெரியும் எனக்கு, அவர் பேரை எழுதினாலே ரெண்டு தப்பு இருக்கும், இதுல சந்திப்பிழைகூட இல்ல, யாரோ நல்லாத் தமிழ் தெரிஞ்ச அயோக்கியன் பண்ணின வேலை’ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க.”

அயோக்கியன் தண்ணீர் குடிக்கப் போனார்.

“இத்தனை நாள் கண்டுக்காம விட்டாங்க. சரி, போகட்டும்னு இருந்தேன். இப்ப கிண்டல் வேற. முப்பதாம் தேதி இந்த லெட்டரையும் சேர்த்து அவர் மூஞ்சி முன்னாடி வெச்சிட்டுத்தான் வருவேன்.”

அவள் கண் கலங்கியிருந்தது. மகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிழைதிருத்திக்குத் தன் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இரவெல்லாம் யோசித்து, வியாழக்கிழமை காலை ஒரு முடிவுக்கு வந்தார். முதல் கடிதம் உண்மைதான் என்று இரண்டாவது கடிதம் ஒன்று சொல்ல வேண்டும். அதில் பிழை இருக்க வேண்டும். நிறைய இருக்க வேண்டும்.

அங்கேதான் அவருக்குச் சோதனை. ‘பல்லி’ என்று அடிப்பார். விரல் தானாகப் பின்னால் போய் ‘பள்ளி’ ஆக்கிவிடும். ‘உளைப்பு’ என்று அடித்துவிட்டு அதைப் பார்க்கச் சகிக்காமல் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது ‘உழைப்பு’ என்றிருந்தது. ஒரு மணி நேரம் போராடியும் ஒரு பிழை தங்கவில்லை. கடைசியில் அச்சக முதலாளியைக் கூப்பிட்டார்.

“ஒரு நாலு வரி அடிச்சுக் குடுங்களேன். நான் சொல்லச் சொல்ல.”

“எதுக்கு?”

“ஒரு மாதிரிக்கு.”

முதலாளி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நாலு வரியில் எட்டுப் பிழை, வியர்வை சிந்தாமல் வந்து விழுந்தது. ‘தங்கள் பனி கண்டு நமது பல்லி பெருமை கொல்கிறது. முன் அனுப்பிய கடிதமும் நான் எளுதியதே. அதை ஒரு தமிள் அரிஞர் திருத்திக் கொடுத்தார். தங்கள் உளைப்பு வால்க.’

“நல்லா வந்திருக்கா?” என்றார் முதலாளி.

“உங்களைத் தவிர யாராலயும் முடியாது” என்று மனதாரச் சொன்னார் பிழைதிருத்தி.

கையெழுத்துப் போட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்துபோய்ப் பள்ளி வாசலில் இருந்த தபால் பெட்டிக்குள் நழுவவிட்டார். பள்ளி எழுத்தர் அதை மற்றத் தபால்களோடு எடுத்துக் கொண்டுபோய் ஆசிரியை கையிலேயே கொடுத்தார்.

தமிழய்யா இந்த முறை கண்ணாடியைத் துடைக்கவில்லை. முதல் வரியைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: “இது அசல். இந்தப் பல்லிக்கு நான் சாட்சி.”

நியாயமாகப் பார்த்தால் விஷயம் இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஆசிரியர் அறையில் இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் வயிறு இருந்தது, அது எரிந்தது. ‘நாங்க மட்டும் சும்மா உக்காந்திருக்கோமா?’ என்று ஆரம்பித்த பேச்சு, இரண்டு கடிதங்களையும் கையில் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குள் பத்துப் பேரும் நுழைந்ததில் போய் நின்றது.

தலைமையாசிரியர் கடிதங்களைப் பார்த்தார். எழுதிய ஞாபகம் இல்லை. ஆனால் கீழே இருப்பது தன் கையெழுத்து. எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வழக்கம் அவருக்கு என்றுமே கிடையாது. ஒருமுறை ஐந்தாம் வகுப்பு மாணவி விளையாட்டாக நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு, மொத்தப் பள்ளிக்கும் அரை நாள் விடுமுறை விட்டவர் அவர். இதுவும் அப்படி ஏதோ தாள் கட்டின் நடுவில் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

“எல்லாருக்கும் உண்டு. வரிசையா வரும்” என்று சொல்லிப் பத்துப் பேரையும் வெளியே அனுப்பினார்.

மறுநாள் எழுத்தர் அச்சகத்துக்கு வந்து பிழைதிருத்தியின் மேஜைமேல் ஒரு தாளை வைத்தார். பிழைதிருத்தி பார்த்தார். தான் எழுதிய முதல் கடிதம்.

“இதே மேட்டர், லீவுல இருக்கறவருக்கும் சேர்த்துப் பதினோரு காப்பி வேணும். பேர் மட்டும் மாத்தணும். திங்கட்கிழமை பிரேயர்ல குடுக்கணும்னு சொல்லிட்டார்.”

“இந்த ‘பதினான்கு குழந்தைகள்’னு வர்ற வரி? அது ஒரு டீச்சருக்குத்தானே பொருந்தும்?”

“எச்.எம். அந்த வரிதான் பிரமாதம்னார். அதை மட்டும் தொடாதீங்க.”

எழுதியவருக்கு ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த கணம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “இது சரியில்லைங்க” என்று மன்றாடிப் பார்த்தார். “எழுதினவருக்கே கவலை இல்ல, உங்களுக்கு என்ன சார் வந்துது?” என்றார் எழுத்தர். அதற்குச் சொல்ல அவரிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் முடியவில்லை.

திங்கட்கிழமை மாலை ஆசிரியை கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. பையை மேஜைமேல் வைத்தாள்.

“டிரில் மாஸ்டர் பதினாலு பேரை வாசிக்க வெச்சிருக்கார்.”

பிழைதிருத்தி பையை எடுத்து ஓரமாக வைத்தார்.

“டிராயிங் டீச்சர் பதினாலு பேரை வாசிக்க வெச்சிருக்காங்க. எட்டு மாசமா மெடிக்கல் லீவுல இருக்கற பூகோள வாத்தியாருக்கும் வீட்டுக்குப் போயிருக்கு. அவரும் படுத்துக்கிட்டே பதினாலு பேரை வாசிக்க வெச்சிட்டார். எல்லாம் கூட்டினா நூத்தி அறுபத்தெட்டு பேர் வருது. என் கிளாஸ்ல முப்பத்தோரு பெஞ்சு இடம்தான் இருக்கு.”

“நீ கோபப்படாம—”

“அந்தப் பதினாலு பேர் என்னோடதுங்க. ஒவ்வொண்ணும் எந்த எழுத்துல தடுக்கி விழும்னு எனக்குத் தெரியும். பாராட்டாம இருந்தப்பகூட அது என்கிட்ட இருந்துது. இப்ப அதையும் எடுத்து ஆளுக்கு ஒரு பங்கு குடுத்துட்டார்.”

மகள் மெதுவாகக் கேட்டாள்: “அப்ப உனக்கு வந்தது நிஜ லெட்டர் இல்லையாம்மா?”

“இல்ல. நாளைக்கு நான் குடுக்கறதுதான் நிஜ லெட்டர்.”

முப்பதாம் தேதிகூட இல்லை. நாளைக்கே.

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளி மணி அடிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால், பிழைதிருத்தி தலைமையாசிரியரின் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தார். பதினேழு வருடமாகப் பேனாவால் மட்டுமே கோபப்பட்டுப் பழகிய மனிதர். வாயால் கோபப்படுவது அவருக்கு முதல் தடவை. அதனால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

தலைமையாசிரியர் ஒரு கட்டுத் தாளில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“நான் மூணாம் வகுப்பு டீச்சரோட வீட்டுக்காரர். உங்க நோட்டீஸ் அடிக்கற அச்சகத்துல பிழை பாக்கறவன்.”

“உக்காருங்க.”

“உக்காரல. வானத்துக்கு நன்றி சொன்னீங்களே சார், வானம் என்ன உங்ககிட்ட சம்பளத்துக்கு வேலை பாக்குதா? மைக்செட்டுக்குச் சொன்னீங்க. ஏணிக்குச் சொன்னீங்க. பதினஞ்சு வருஷமா ஒருத்தி நிக்கறா, அவ ஏணியைவிடக் கேவலமா?”

பேனா ஓடிக்கொண்டிருந்தது.

“அந்தப் பதினாலு குழந்தைங்கள்ல ஒருத்தர் பேர் சொல்லுங்க பாப்போம். ஒரே ஒரு பேர். தெரியாது. ஏன்னா நீங்க அந்த கிளாஸுக்குள்ள போனதே இல்ல. அந்த லெட்டரை நீங்க எழுதவும் இல்ல. நான் எழுதினேன். ராஜினாமா எழுதிட்டு வந்து பிழை பாக்கச் சொன்னா சார், என் பொண்டாட்டி. என் பொண்ணு அவளைப் பாத்து நீ நல்ல டீச்சர் இல்லையான்னு கேக்கறா. நான் என்ன பண்ணுவேன்? நீங்க எழுத வேண்டியதை நான் எழுதினேன். அதை வாங்கி நோட்டீஸ் மாதிரி அடிச்சு ஊருக்கெல்லாம் விநியோகம் பண்ணிட்டீங்க. உங்களுக்கு அது நாலு வரி. எங்க வீட்டுல மூணு பேர் அந்த நாலு வரியை வெச்சு ஒரு வாரம் ஓட்டினோம்.”

பேனா நின்றது. தலைமையாசிரியர் நிமிர்ந்தார். மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு கடிதங்களையும் எடுத்து வைத்தார்.

“முதல் லெட்டர் நீங்களா?”

“ஆமா.”

“ரெண்டாவது?”

“எங்க முதலாளி.”

“கையெழுத்து?”

“ரெண்டும் நான்தான். என்ன பண்ணணுமோ பண்ணிக்கோங்க.”

தலைமையாசிரியர் தான் அப்போதுதான் போட்ட கையெழுத்தை அவற்றின் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“என்னோடதைவிட நல்லா இருக்கு” என்றார். இரண்டையும் மறுபடி இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். “நீங்க போகலாம்.”

வெளியே வந்த பிறகுதான் பூட்டிய சத்தம் பிழைதிருத்தியின் காதில் சரியாக விழுந்தது. சாட்சியைப் பூட்டி வைத்திருக்கிறார். போலிக் கையெழுத்து. கையும் களவுமாக, அதுவும் தன் வாயாலேயே. அச்சகத்துக்கு வந்து முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“பயப்படாதீங்க” என்றார் முதலாளி. “மிஞ்சிப்போனா ஜெயில்.”

அன்று முழுவதும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் பேனாவை மூடி வைத்தார். மாலையில் பேயறைந்தவர்போல் வீட்டுக்குப் போனார். ஆசிரியை அவருக்கு முன்பே வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

“குடுத்துட்டியா?”

“முதல் பீரியட் முடிஞ்சதும் குடுக்கலாம்னு கையிலேயே வெச்சிருந்தேன். அவரே கிளாஸுக்கு வந்துட்டார். கடைசி பெஞ்சுல போய் உக்காந்தார். அது பிள்ளைங்க பெஞ்சு. முழங்கால் முகவாயை இடிச்சுது.”

“எதுக்கு?”

“‘வாசிக்கச் சொல்லுங்க’ன்னார். பதினாலு பேரும் ஒவ்வொருத்தரா வாசிச்சாங்க. ரெண்டு பீரியட் ஆச்சு. கடைப் பலகை வாசிக்குமே அந்தக் குட்டி, அது ஒரு பக்கம் முழுக்க வாசிச்சுது. இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அப்புறம் எழுந்து, பிள்ளைங்க எல்லாருக்கும் முன்னாடி சொன்னார்.”

“என்ன சொன்னார்?”

“‘டீச்சர், இந்தப் பொண்ணை ஸ்கூல்ல சேர்த்தப்ப என் ரூம்லதான் நின்னுது. பேர் கேட்டேன், வாய் திறக்கல. இது தேறாதுன்னு நினைச்சேன். நீங்க அப்படி நினைக்கல. நான் முன்னாடியே வந்து பாத்திருக்கணும்’னு.”

பிழைதிருத்தி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். “உனக்கு சந்தோஷமா இருந்திருக்குமே.”

“கோபம்தான் வந்துது. இவ்வளவுதானா, இதைச் சொல்ல இத்தனை வருஷமான்னு. அந்தக் கோபத்துல அழுதுட்டேன். எச்.எம். என்னை அடிச்சிட்டார்னு நினைச்சுப் பிள்ளைங்க எல்லாம் கத்த ஆரம்பிச்சிடுச்சுங்க. பாவம், அவர் ஓடிட்டார்.”

மகள் சிரித்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யாரோ சிரித்தார்கள்.

“ராஜினாமா?”

“பின்பக்கம் காலியா இருந்துது. வெட்டி எழுத்து அட்டை பண்ணிட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, அவரை நேராகப் பார்த்தாள். “லெட்டர் எழுதினது நீங்கதான்னும் சொன்னார்.”

பிழைதிருத்தி தரையைப் பார்த்தார்.

“அதுல எழுதினதெல்லாம் நீங்க நினைச்சதா? இல்ல, அவர் நினைக்கணும்னு நீங்க நினைச்சதா?”

“நான் நினைச்சதுதான்.”

“அப்ப உங்க பேரையே போட்டிருக்கலாமே.”

“நான் சொன்னா, புருஷன் சொல்லாம வேற யார் சொல்வாங்கன்னு விட்டுடுவே. அவர் சொல்லணும். அதான்.”

ஆசிரியை யோசித்தாள். “விட்டிருப்பேன்தான்” என்று ஒத்துக்கொண்டாள். பிறகு, “இருந்தாலும் சொல்லித் தொலைச்சிருக்கலாம்” என்று கோபமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வீட்டுப் பிரச்சினை தீர்ந்தது. இழுப்பறைப் பிரச்சினை தீரவில்லை. புதன்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி அச்சகப் படியேறி வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“இங்க பிழை பாக்கறவர் யாரு?”

முதலாளி காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் போய் எதையோ தேட ஆரம்பித்தார்.

“நான்தாங்க.”

பெண்மணி கைப்பையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதே கடிதம். அதே நூல்கண்டுக் கையெழுத்து.

“இந்தக் கையெழுத்துப் போட்டது நீங்கதானா?”

பிழைதிருத்தி எழுந்து கைகூப்பினார். “அம்மா, நான் தப்பான எண்ணத்துல பண்ணல. எங்க வீட்டுல நிலைமை அப்படி. போலீஸ் அது இதுன்னு போகாம, மன்னிப்பு வேணும்னா எழுதியே குடுத்துடறேன்.”

“போலீஸ் எதுக்கு? நான் எச்.எம். வீட்டுக்காரி.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒன்பது வருஷமா அந்த ஸ்கூலைத் தலையில சுமக்கறார், மேல இருக்கறவங்க ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னதில்ல, தினமும் வீட்டுக்கு வந்து என்மேல எரிஞ்சு விழறார், ஏங்க, கல்வி அதிகாரி கையெழுத்து உங்களுக்கு வருமா?”